அனுபவம்: பத்தொன்பது வருடம்

"அஞ்சு மணிக்குள்ள இதுல இருந்து ஒரு அஞ்சு பேரைப் பொறுக்கிக் குடுத்துருங்க்கா" என்று தருண் காகிதக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனபோது மணி இரண்டு பத்து. வசுமதி அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள், கையில் ஈரம்கூடக் காயவில்லை. எதற்கு அஞ்சு பேர் என்று கேட்பதற்குள் அவன் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டான். மேலே இருந்த தாளைப் புரட்டினாள். சீனியர் அக்கவுன்டன்ட் வேலைக்கான விண்ணப்பம். அடுத்ததும் அதுவே. அதற்கடுத்ததும். எண்ணிப் பார்த்தாள், முப்பத்தாறு. முப்பத்தாறு பேருக்குத் தெரிந்திருக்கிறது, இந்தச் செங்குந்தபுரம் தெருவில், கீழே துண்டும் மேசைவிரிப்பும் தைத்துப் பெட்டி கட்டுகிற இந்த மாடிக் கட்டடத்தில் சீனியர் அக்கவுன்டன்ட் என்று ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதென்று. அதே அறையில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறவளுக்குத் தெரியவில்லை. போன வாரம் இந்தத் தருண், முதலாளி மகன், எம்பிஏ முடித்துக் கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒன்பது மாதம்தான் ஆகிறது, டீ குடித்தபடி ஏதோ சொன்னான், மேல ஒரு ஆள் போட்டா உங்களுக்கும் சுலபமா இருக்கும்க்கா என்று. அவள் ஏதோ கம்ப்யூட்டர் பார்க்க ஆள் போடப் போகிறான் என்று நினைத்துச் சரிங்க தம்பி என்று தலையாட்டினாள். தலையாட்டியது இப்போது ஞாபகம் வந்து காதுமடல் சூடாகிறது. மேல என்றால் எதற்கு மேல? என் தலைக்கு மேல. என் தலைக்கு மேல உட்காரப் போகிறவனை நானே பொறுக்கித் தர வேண்டும், அதுவும் அஞ்சு மணிக்குள், அதுவும் அக்கா என்று கூப்பிட்டுச் சொல்கிறான். கீழே இஸ்திரி மேசையிலிருந்து கஞ்சி வேகிற வாசனை ஜன்னல் வழியாக ஏறி வந்தது. தினமும் வருகிறதுதான், இன்றைக்கு எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

சரி, பொறுக்கலாம். வேலை என்று கொடுத்தால் செய்துதான் பழக்கம், கை தன்னால் போகிறது, அதுதான் இந்தக் கையோடு வந்த கேடு. முதல் ஆள் நேர்மையானவன், கடின உழைப்பாளி, சவால்களை விரும்புகிறவன். இரண்டாவது ஆளும் நேர்மையானவன், கடின உழைப்பாளி, சவால்களை விரும்புகிறவன். ஏழாவது ஆள் வரைக்கும் எல்லோரும் நேர்மையானவர்களாகவே இருந்தார்கள், ஒரே கடையில் ஒரே ஆள் டைப் அடித்துக் கொடுத்த நேர்மை. ஒருவன் அப்பா பெயர், ரத்த வகை, பொழுதுபோக்கு கிரிக்கெட் பார்ப்பது என்றெல்லாம் அரைப் பக்கம் எழுதிவிட்டு, என்ன கணக்குப் பார்த்தான் என்பதை மட்டும் எழுதவில்லை. இன்னொருவர் ஐம்பத்திரண்டு வயது, நாலு பக்கம், எட்டாம் வகுப்பில் வாங்கிய கட்டுரைப் போட்டிப் பரிசு வரைக்கும் இருக்கிறது. அவரைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை, அந்த நாலு பக்கத்துக்குப் பின்னால் வீட்டில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தோன்றியது, உடனே அவர் மேலேயும் கோபம் வந்தது, இத்தனை வயதுக்குத் தன்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லத் தெரியாதா என்று. அப்புறம், எனக்கு மட்டும் தெரியுமா? வசுமதி வாழ்க்கையில் ஒரு பயோடேட்டா எழுதியதில்லை. இருபத்துமூன்று வயதில் சித்தப்பா கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார், அண்ணன் பொண்ணுங்க, பி.காம்ல முதல் வகுப்புங்க. முதலாளி மார்க் ஷீட்டைப் பார்க்கவில்லை. கையெழுத்து நல்லா இருக்குமா பாப்பா என்று கேட்டார். இருக்குமுங்க என்றாள். வவுச்சர் ஒட்டப் போட்டார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. அன்றைக்குக் கொடுத்த நியமனக் கடிதத்தில் கணக்குப் பிரிவு உதவியாளர் என்று இருந்தது. இன்றைக்கும் அதுதான், இடையில் கணக்கு எழுதிய கிருஷ்ணமூர்த்தி சார் நெஞ்சு வலி வந்து வேலையிலிருந்து நின்றுவிட்டார், அவர் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள், அவர் வேலை அவளிடம் வந்தது, அவர் பெயர்ப்பலகையில் இருந்த பட்டம் மட்டும் வழியில் எங்கேயோ இறங்கிக்கொண்டது.

பத்தொன்பதாவது தாளைப் புரட்டியபோது அந்தப் பெயரில் கண் நின்றது. சபரிநாதன். போட்டோவில் கோட்டு போட்டிருந்தான். நம்ம சபரிதான், மீசை கொஞ்சம் அடர்ந்திருக்கிறது. கல்லூரி முடித்து நேராக இங்கே வந்தவன், பற்றெது வரவெது என்று தடுமாறி அவள் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நாலு வருடம் கற்றுக்கொண்டு, அப்புறம் திருப்பூரில் நல்ல சம்பளத்துக்குப் போனவன். போகிற அன்றைக்கு அவள் காலைத் தொடக்கூட வந்தான், அட எந்திரிடா என்றாள். பரவாயில்லை, நல்லாத்தான் எழுதியிருக்கிறான் என்று இரண்டு வரி படித்தாள், மூன்றாவது வரியில் இந்தக் கம்பெனியின் பெயர், அதற்குக் கீழே: ஜிஎஸ்டி வந்தபோது நிறுவனத்தின் முழுக் கணக்கையும் புதிய முறைக்குத் தனியாளாக மாற்றி முடித்தேன். தனியாளாக. அவள் அந்தச் சொல்லை மறுபடி படித்தாள். மூன்றாவது தடவை படித்தபோது எழுத்து ஆடியது. இரண்டாயிரத்துப் பதினேழு ஜூலை. மகள் நிறைமதி பிறந்து நாற்பத்தொன்றாவது நாள் முதலாளி வீட்டுக்கே காரில் வந்தார், பழத்தட்டோடு. நீ இல்லாம ஒண்ணும் நகர மாட்டேங்குதும்மா, ஒரு பத்து நாள் வந்து எடுத்துக் குடுத்துட்டுப் போ. பத்து நாள் மூன்று மாதமானது. வயிற்றில் தையல் போட்ட இடம் உட்கார்ந்தால் இழுக்கும், எழுந்தால் இழுக்கும். பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் மாமியார் ஷேர் ஆட்டோவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார். சாம்பிள் அறையில் துண்டுக் கட்டுகளுக்கு நடுவில், தாழ்ப்பாள் விழாத கதவுக்கு முதுகை முட்டுக் கொடுத்துக்கொண்டு பால் கொடுப்பாள். யாராவது கதவைத் தள்ளினால் முதுகில் படும். ஒரு தடவை இந்தச் சபரிதான் வெளியே நின்று, அக்கா இந்த நூல் பார்ட்டிக்கு எந்த வரி போடறது என்று கேட்டான், அவள் பிள்ளையை மார்பில் வைத்தபடியே உள்ளேயிருந்து பதில் சொன்னாள். தனியாளாக! அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவன் தனியாள், இந்தப் பக்கம் இருந்தவள் யார்? பால் சுரந்து ஜாக்கெட் நனைய நனையக் கணக்கு போட்டாளே, அவள் யார்? பேனாவை எடுத்து அந்த வரியை அடிக்கப் போனாள். அடித்தால் என்ன ஆகும், காகிதம் கிழியும். அவன் பொய் எழுதினான் என்பதைவிட, அந்தப் பொய்யை எழுத அவனுக்கு இடம் இருந்தது என்பதுதான் பொறுக்கவில்லை. நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதாத இடத்தில் வந்து அவன் படுத்துக்கொண்டான்.

போன் அடித்தது. சிவநேசன். அவள் வீட்டுக்காரன், பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் பெயின்டர். பின்னால் யாரோ தகட்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"இவளே, பாப்பாவுக்கு டியூசன் இன்னைக்கு உண்டா இல்லையா?"

"உண்டு. ஏங்க, ஒண்ணு கேக்கட்டுமா? நான் ஆபீஸ்ல என்ன வேலை பாக்கறேன்?"

"இதென்ன கேள்வி. கணக்கு எழுதற."

"கணக்குன்னா?"

"கணக்குன்னா கணக்குதான். வரவு செலவு. எனக்கென்ன தெரியும்? ஏன், யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லலை. யாரும் ஒண்ணுமே சொல்லலை. அதுதான்."

"என்னமோ மாதிரி பேசற. சாயங்காலம் சீக்கிரம் வந்துரு" என்று வைத்துவிட்டான். அவன் மேல் கோபப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் பட்டாள். பதினான்கு வருடம் ஒரே பாயில் படுக்கிறவனுக்கு வரவு செலவு. ஏற்றுமதிக்குச் சுங்கத்திலிருந்து திரும்பி வர வேண்டிய டிராபேக் தொகை மூன்று வருடமாக ஆபீஸ் ஆபீஸாக முடங்கிக் கிடந்ததை, கப்பல் கப்பலாகப் பில்லைத் தேடி எடுத்து அவள் மீட்டபோது அந்த மாதம்தான் கீழே இருக்கிற எண்பது பேருக்கும் போனஸ் கொடுக்க முடிந்தது. அதை அன்றைக்கு வீட்டில் சொன்னாளா? இல்லை. அன்றைக்குச் சப்பாத்தி சுட்டாள். என்னவென்று சொல்வது, சொன்னால் பீற்றிக்கொள்கிற மாதிரி இருக்காதா? பீற்றிக்கொள்ளக் கூடாது என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, தானாகவே வாயை மூடிக்கொண்டாள், மூடிக்கொண்டதைப் பெருமை என்று வேறு நினைத்துக்கொண்டாள். வசுமதி இல்லைன்னா ஆபீஸ் நகராது என்று முதலாளி யாரிடமாவது சொல்லும்போது, காதில் விழாத மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, உள்ளுக்குள் அதைச் சர்க்கரைப் பாகு மாதிரி நக்கினாள். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் கணக்குத் தணிக்கைக்கு வந்த ஆடிட்டர் கோயம்புத்தூரில் தன் ஆபீசுக்கு வந்துவிடச் சொன்னார். அவள் அதை முதலாளியிடம் போய்ச் சொன்னாள், ஏதாவது செய்வார் என்ற நப்பாசையில். அவர் சிரித்தார். நம்ம வீட்டை விட்டுட்டு எங்கம்மா போவ? தீபாவளிக்கு ஒரு பட்டுச்சேலை வந்தது. வாங்கிக்கொண்டாள். கட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டாள். தூ.

மணி மூன்றே முக்கால். மீதித் தாள்களைப் புரட்டினாள். குளித்தலையிலிருந்து ஒரு பெண், இருபத்தெட்டு வயது, ஒரே பக்கம். நேர்மை, சவால் ஒன்றும் இல்லை. இன்ன கம்பெனி, இத்தனை வருடம், வந்தபோது பதினோரு மாதக் கணக்கு எழுதப்படாமல் கிடந்தது, ஐந்து மாதத்தில் முடித்தேன், அதன் பிறகு ஒரு மாதமும் தாமதமில்லை. இப்படி ஏழு வரி, அவ்வளவுதான். படித்து முடித்ததும் அந்தப் பெண் எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசிய மாதிரி இருந்தது. அடிப்பாவி, இப்படித்தான் எழுத வேண்டுமா? கிடந்தது, முடித்தேன். இதை எனக்கு யாரும் சொல்லவில்லையே. அந்தத் தாளைத் தனியாக எடுத்து வைத்தாள், இவள் நிச்சயம் ஐந்தில் ஒருத்தி. அப்புறம் கை கீபோர்டுக்குப் போனது. புதுப் பக்கம் திறந்தாள். பெயர், வசுமதி. அப்பா பெயர். வயது, நாற்பத்திரண்டு. படிப்பு, பி.காம். வேலை அனுபவம், பத்தொன்பது வருடம். அதற்குக் கீழே கர்சர் துடித்துக்கொண்டு நின்றது. பத்தொன்பது வருடத்தைப் போட ஒரு வரிதானா இருக்கிறது? பயம் அப்போதுதான் வந்தது, கோபத்துக்கு அடியில் இத்தனை நேரம் அதுதான் படுத்திருந்ததோ என்னவோ. எழுதிப் பார்த்து அரைப் பக்கம்கூட வரவில்லை என்றால்? நாற்பத்திரண்டு வயதில், ஒரே இடத்தில் உட்கார்ந்த பொம்பளையை, உதவியாளர் என்று கடிதம் வைத்திருப்பவளை எவன் கூப்பிடுவான்? அவர்கள் செய்தது சரிதானோ? நான் உண்மையிலேயே வவுச்சர் ஒட்டுகிறவள்தானோ? எழுது, எழுதித் தொலை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மாதாந்தர வரித் தாக்கல் செய்வதில் உதவினேன். ஆண்டுத் தணிக்கையில் உதவினேன். ஏற்றுமதிச் சலுகைத் தொகையை மீட்பதில் உதவினேன். வங்கிக் கடன் புதுப்பித்தலுக்கு உதவினேன். எட்டு வரி வந்தது. எட்டு வரியும் உதவினேன் என்று முடிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாருக்கு உதவினேன்? வரித் தாக்கல் செய்யும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்? யாருமில்லை. தணிக்கையில் ஆடிட்டர் கேட்ட நூற்றுச் சொச்சம் கேள்விக்குப் பதில் சொன்னது யார்? கிருஷ்ணமூர்த்தி சார் போன பிறகு இந்த அறையில் உதவி வாங்கிக்கொள்ள ஒரு ஆள் இருந்ததா, அந்த ஆள் யார், முகத்தைக் காட்டட்டும். சபரி பொய் எழுதினான் என்று குதித்தாளே, இதோ இவளும் பொய்தான் எழுதியிருக்கிறாள், எட்டு வரி, ஒவ்வொன்றிலும் தன்னைத் தானே தள்ளிவிட்டு ஓரமாக நின்றிருக்கிறாள், யாரும் கேட்காமலேயே. அவன் பொய் அவனுக்குச் சோறு போடுகிறது, அவள் பொய் யாருக்குப் போட்டது? முதல் வரிக்குப் போனாள். உதவினேன் என்பதை அழித்தாள். செய்தேன். இரண்டாவது. நடத்தினேன். மூன்றாவது. மூன்று வருடமாக முடங்கியதைப் பதினாலு மாதத்தில் மீட்டேன். ஒவ்வொரு தடவை அந்தச் சொல்லை அழிக்கும்போதும் விசையை வேண்டியதைவிட அழுத்திக் குத்தினாள், பக்கத்து மேசையில் பில் எழுதுகிற லோகேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். ஜிஎஸ்டி மாற்றத்தைப் பற்றிய வரிக்கு வந்தபோது விரல் நின்றது. தனியாளாக என்று போடலாமா? போடலாம், முழு உரிமை உண்டு. ஆனால் சபரி அன்றைக்கு இரவல் சைக்கிளில் நூல் மண்டிக்கும் ஆபீசுக்குமாக வெயிலில் அலைந்து பில் வாங்கி வந்தானே. அவள் எழுதினாள்: ஒரு உதவியாளரை வைத்துக்கொண்டு மூன்று மாதத்தில் மாற்றி முடித்தேன். அதை எழுதிவிட்டுச் சத்தமாக மூச்சு விட்டாள். ஒரு பக்கம் நிறைந்திருந்தது. ஒரு வரி மீந்து அடுத்த பக்கத்துக்குப் போனது. அப்பா பெயரை எடுத்துவிட்டாள், சரியாக நின்றது.

ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது தருணின் அறைக்குள் போய்த் தாள்களை நீட்டினாள். அவன் போனில் எதையோ தள்ளியபடி, "முடிச்சுட்டீங்களா, சூப்பர்க்கா" என்று வாங்கி எண்ணினான். "நம்மகிட்ட இருந்தானே, சபரி? அவன் இருக்கானான்னு அப்பா கேட்டாரு. இதுல காணோமே?"

"அவன் எழுதினது உண்மை இல்லீங்க தம்பி. கூப்பிடணும்னா கூப்பிடுங்க, மேசைமேல தனியா வச்சிருக்கேன். நான் பொறுக்கின அஞ்சு பேரு இதுல இருக்காங்க."

அவன் ஐந்தாவது தாளில் அவள் பெயரைப் பார்த்து நின்றான். சிரிப்பு வந்தது அவனுக்கு, நல்ல சிரிப்புதான், கள்ளமில்லாதது. "ஏங்க்கா, விளையாடறீங்களா? உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? நீங்க நம்ம வீட்டு ஆளு. வர்றவருக்கு நீங்கதானே எல்லாத்தையும் சொல்லிக் குடுக்கணும்."

"சொல்லிக் குடுக்க மாட்டேன்."

அது தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அத்தனை வேலையும் தெரிஞ்ச ஆளுன்னு மேல கொண்டாந்து வைக்கறீங்க. அவங்களுக்கு நான் எதுக்குச் சொல்லிக் குடுக்கணும்? நான் சொல்லிக் குடுத்துத்தான் தெரியணும்னா, மேல யார் இருக்கணும்? படிங்க தம்பி. ஒரு பக்கம்தான்."

அவன் படித்தான். நின்றபடியே படித்தான். பாதியில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். இளக்காரமாக ஏதாவது சொல்வான், சொல்லட்டும், அதற்குப் பதில் தயாராக இருந்தது.

"அக்கா, இந்த டிராபேக் விஷயம்... இது நீங்களா பண்ணீங்க? ஆடிட்டர் பண்ணார்னுதான் அப்பா சொன்னாரு."

"நான்தான்."

"இதெல்லாமேவா?"

"எல்லாமே."

இகழ்ந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவனுக்குத் தெரியாது. உண்மையிலேயே தெரியாது. ஒன்பது மாதமாகப் பத்தடி தூரத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு, அவள் என்ன செய்கிறாள் என்பது செய்தியாக இருக்கிறது. அவன் அப்பாவுக்குத் தெரியும். தெரிந்துதான் ஆடிட்டர் என்று சொல்லியிருக்கிறார். பழத்தட்டோடு வந்த மனுஷன். நம்ம வீடு, நம்ம வீடு என்று சொல்லிச் சொல்லியே கதவைச் சாத்தி வைத்த மனுஷன். கண்ணில் நீர் முட்டியது, இவன் முன்னால் அழுதால் அது வேறு கணக்காகப் போய்விடும் என்று பல்லைக் கடித்தாள்.

"அப்பாகிட்டப் பேசிப் பாக்கறேங்க்கா" என்றான் அவன், மெல்லிய குரலில்.

"பேசுங்க. காலையில பேப்பர்ல ஆள் கேட்டிருந்த ரெண்டு கம்பெனிக்கும் இதே காகிதத்தை இப்ப மெயில்ல அனுப்பிட்டுத்தான் இங்க வந்தேன். அதையும் சேத்துப் பேசுங்க."

பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஐந்து மணி ஒரு நிமிடம். வழக்கமாகப் போகும்போது, வரட்டுங்களா என்று உள்ளே தலையை நீட்டிக் கேட்பாள், சில நாள் அதற்குப் பதிலாக ஒரு வேலை வந்து விழும், ஆறரை ஆகும். இன்றைக்கு நீட்டவில்லை. படிக்கட்டில் இறங்கும்போதுதான் உறைத்தது. என்ன செய்துவிட்டேன், வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது, பாப்பாவுக்குப் பல்லுக்குக் கம்பி போட வேண்டும் என்றார் டாக்டர், இவர்கள் திங்கட்கிழமை வராதே என்றுவிட்டால்? அந்த இரண்டு கம்பெனியும் கூப்பிடாவிட்டால்? கூப்பிட்டால் கூப்பிடட்டும், விட்டால் விடட்டும், அந்தத் தாளில் இருக்கிறது ஒன்றும் அழிந்துபோகாது. அழிந்துபோகாதா? யார் கண்டது. மாரியம்மன் கோயில் பக்கத்து ஸ்டாப்பில் நின்றாள். மினி பஸ் ஒன்று நிரம்பி வழிந்து போனது, விட்டுவிட்டாள். கொஞ்சம் நின்றால் மனசு ஆறிவிடும் என்று பார்த்தாள், ஆறவில்லை. ஒவ்வொன்றாக ஏறி வந்தது, தாழ்ப்பாள் விழாத கதவு, பட்டுச்சேலை, ஆடிட்டர், உதவினேன் உதவினேன் உதவினேன். ஆற வேண்டாம் என்றும் இருந்தது. இத்தனை வருடம் ஆறி ஆறித்தானே இந்த நிலை.

இரண்டாவது பஸ் திருப்பத்தில் தெரிந்தபோது போன் அடித்தது. தருண்.

"அக்கா, அப்பாகிட்டப் பேசினேன்." பின்னால் முதலாளியின் இருமல் கேட்டது, பக்கத்திலேயே இருக்கிறார். "திங்கட்கிழமை இன்டர்வியூ. உங்களையும் கூப்பிடச் சொல்லிட்டாரு. பதினொன்றரைக்கு உங்க நேரம். அந்த... அந்தச் சபரியையும் கூப்பிடறோம், அப்பா சொன்னாரு. அப்புறம், நியமனக் கடிதம், மார்க் ஷீட், பயோடேட்டா ரெண்டு காப்பி கொண்டாந்துருங்க."

பத்தொன்பது வருடம் முன்னால் பார்க்காத மார்க் ஷீட்டை இப்போது கேட்கிறார்கள். செய்த வேலையைச் செய்தேன் என்று, செய்யச் சொன்னவர்கள் முன்னாலேயே நிரூபிக்க வேண்டும், பக்கத்து நாற்காலியில் அவனை வைத்துக்கொண்டு. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது, ஏறி அங்கேயே நின்றது, தள்ளாட்டம் இல்லாமல் நின்றது. நல்லது, பார்க்கட்டும். எல்லாத்தையும் எடுத்துப் பார்க்கட்டும். வரிசையில் நிற்கிறவளை வீட்டு ஆள் என்று இனி எவரும் சொல்ல முடியாது.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். பதினொன்றரைக்கு வந்துடறேன் சார்" என்றாள் வசுமதி.

"சாரா?" என்றான் தருண். அவள் போனை வைத்துவிட்டு, பஸ்ஸில் ஏறினாள்.